கீபோர்டு கடைக்கு முந்தானையோடு போங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வக்கீல்களுக்கும் பத்திர எழுத்தர்களுக்கும் இருபத்திரண்டு வருஷமாக டைப் அடித்துக் கொடுக்கிறேன். பகலில் கடை, ராத்திரியில் வீடு. மறுநாள் காலை பத்து மணிக்குச் சார்பதிவாளர் ஆபீசில் டோக்கன் போட்டிருப்பார்கள். வரைவைக் கொண்டுவந்து நீட்டுவது முதல்நாள் விளக்கு வைக்கிற நேரத்துக்கு. என் வீடு ஒரு கூடம், ஒரு அடுப்படி. கூடத்தில் அத்தை படுத்திருப்பார். டியூப் லைட்டைப் போட்டால் அவர் தூக்கம் போகும். அணைத்தால் எனக்கு நம்பர் வரிசை தெரியாது.

எழுத்துகளை நான் பார்த்து அடிப்பதில்லை. திருப்பாதிரிப்புலியூரில் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவள், விரலுக்கே வழி தெரியும். ஆனால் பத்திரம் என்றால் சர்வே நம்பர், உட்பிரிவு, சாய்கோடு, அடைப்புக்குறி, ஹெக்டேர் கணக்கு என்று கண்ணால் பார்த்துத் தொட வேண்டியவை நிறைய. 145/2 என்பது 154/2 ஆகிவிட்டால் பக்கத்து வயல்காரர் சும்மா இருக்கமாட்டார். அதற்காகத்தான் வெளிச்சமுள்ள கீபோர்டைத் தேடினேன். கேம் ஆடுகிற பிள்ளைகளின் சாமான் என்று அதுவரை அதைத் திரும்பிப் பார்த்ததுகூட இல்லை.

முதல் தடவை அவசரத்தில் ஆன்லைனில் ஒன்றை வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம். தேர்த் திருவிழா மாதிரி ஜொலித்தது. எட்டாவது மாதம் ஒரு தான செட்டில்மெண்ட் அடித்துக் கொடுத்தேன். ஒரு பெரியவர் தன் வீட்டை மகளுக்கு எழுதிவைக்கிறார். காலையில் வக்கீல் குமாஸ்தா போன் செய்தார்.

"யக்கா, பெரியவரு ரெண்டு பையனையும் விட்டுட்டுப் பொண்ணுக்குத்தான எழுதுறாரு? நீங்க 'என் மக்களுக்கு'ன்னு அடிச்சிருக்கீங்க. இது இப்படியே பதிவாயிருந்தா மூணு பேரும் பங்குக்கு வந்து நிப்பாங்க."

எனக்கு உடம்பு சில்லிட்டது. நான் மகளுக்கு என்றுதான் அடித்தேன். அன்றைக்குப் பூராவும் கீபோர்டோடு உட்கார்ந்து பார்த்தபோது பிடிபட்டது. எச் கீயை ஒருமுறை தட்டினால் சில சமயம் இரண்டாக விழுந்தது. நான் அடிப்பது தமிழ்99. அதில் எச் இருக்கும் இடம்தான் க. ஒரே எழுத்தை அடுத்தடுத்து இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகவே புள்ளி விழும். 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட அந்த அமைப்பின் அழகே அதுதான், எழுத்து இரட்டிக்கிற இடத்தில் புள்ளிக்கென்று தனியாக விரலை ஓட்ட வேண்டாம். ஆனால் கீபோர்டு கோணல் செய்தால் அந்த அழகே ஆபத்து. ஆங்கிலத்தில் ஒரு எழுத்து இரண்டாக விழுந்தால் பிழை என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். தமிழிலோ மகள் மக்கள் ஆகும், வீடு வீட்டு ஆகும், எடு எட்டு ஆகும். எல்லாமே நல்ல சொற்கள். எந்தப் பிழைதிருத்தியும் வாய் திறக்காது.

இது ஏன் வருகிறது என்று தெரிந்துகொண்டால் வாங்கும்போது பாதிக் குழப்பம் தீரும். மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு கீக்கு அடியிலும் தனித்தனி ஸ்விட்ச். சாதாரண ஸ்விட்ச்சுக்குள் மெல்லிய உலோகத் தகடு ஒன்று இன்னொன்றைத் தொடும். தொட்டவுடன் அது சில மில்லி செகண்டு நடுங்கும். அந்த நடுக்கத்தைக் கணக்கில் எடுக்காதே என்று கீபோர்டின் சிப்புக்குச் சொல்லியிருப்பார்கள். தகட்டில் தூசியோ உப்போ படிந்தால் நடுக்கம் நீளும். சிப் அதை இரண்டு தட்டு என்று எண்ணிவிடும். எங்கள் வீட்டிலிருந்து தேவனாம்பட்டினம் கடல் நடக்கிற தூரம். ஜன்னல் கம்பி வருஷத்துக்கு ஒரு தோல் உரிகிறது. கீபோர்டு மட்டும் தப்புமா? கழற்றிப் பார்த்தேன். ஸ்விட்ச் எல்லாம் போர்டோடு சால்டரிங் செய்திருந்தது. ஒரு எச்சுக்காக மொத்தத்தையும் பரணில் போட்டேன்.

ஆகவே கடைக்காரரிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி விலையும் இல்லை, விளக்கும் இல்லை. "தம்பி, இது ஹாட்-ஸ்வாப்பா?" என்பதுதான். ஹாட்-ஸ்வாப் என்றால் சால்டரிங் இல்லாமல், இடுக்கி மாதிரி ஒரு சின்னக் கருவியால் ஸ்விட்ச்சைப் பிடுங்கி வேறொன்றைச் செருகிவிடலாம். ஒரு ஸ்விட்ச்சின் விலை பெரும்பாலும் டீ, வடை காசுதான். இதிலும் ஒரு கண்ணி உண்டு. குறைந்த விலைப் பலகைகள் சிலவற்றில் ஹாட்-ஸ்வாப் என்று எழுதியிருக்கும், ஆனால் ஔடெமு கம்பெனியின் மெல்லிய கால் உள்ள ஸ்விட்ச் மட்டுமே உட்காரும். மூன்று கால், ஐந்து கால் என்றும் வித்தியாசம் இருக்கிறது. ஐந்து கால் ஏற்கும் பலகையில் மூன்று கால் ஸ்விட்ச்சும் போகும்; மூன்று கால் பலகையில் ஐந்து காலைச் செருக இரண்டு பிளாஸ்டிக் காலை நறுக்க வேண்டும்.

உள்ளே யாருடைய சரக்கு

கம்பெனிகளை ஒப்பிடப் போகிறவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, மேலே பெயர் போட்டவரும் உள்ளே ஸ்விட்ச் செய்தவரும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள். புடவைக் கடைக்காரரே தறியும் ஓட்டுவதில்லை அல்லவா, அது மாதிரி.

1980-களில் ஜெர்மனியின் செர்ரி கம்பெனி கொண்டுவந்த எம்எக்ஸ் ஸ்விட்ச்தான் இன்றைக்கு எல்லாவற்றுக்கும் தாய். காப்புரிமைக் காலம் முடிந்ததும் கேட்டெரான், கைல், ஔடெமு என்று சீனத்துக் கம்பெனிகள் அதே அச்சில் செய்ய ஆரம்பித்தன. அதனால்தான் விளக்குள்ள மெக்கானிக்கல் கீபோர்டு இப்போது இரண்டாயிரம், மூவாயிரத்துக்கும் கிடைக்கிறது. கோர்சேர் பல வருஷம் செர்ரியையே போட்டது. கீக்ரானில் பல மாடல்களில் கேட்டெரான். ரெட்ராகனின் மலிவு மாடல்களில் ஔடெமு. ரேசர் 2014-இலிருந்து தன் பெயரிலேயே பச்சை, ஆரஞ்சு என்று ஸ்விட்ச் விடுகிறது. லாஜிடெக் விளையாட்டுக் கீபோர்டுகளுக்கு முதலில் ஓம்ரானோடு சேர்ந்து ரோமர்-ஜி செய்தது, பிறகு ஜிஎக்ஸ் வந்தது. ஹைப்பர்எக்ஸ் கிங்ஸ்டனிடம் இருந்தது, 2021-இல் எச்பி வாங்கிவிட்டது. பெட்டியின் மேல் உள்ள பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

லாஜிடெக்கில் இன்னொரு பெயர்க் குழப்பம். அவர்களும் எம்எக்ஸ் மெக்கானிக்கல் என்று ஒன்று விற்கிறார்கள். அந்த எம்எக்ஸ் அவர்கள் சொந்த வரிசையின் பெயர். செர்ரி எம்எக்ஸுக்கும் அதற்கும் பங்காளி உறவுகூட இல்லை.

ஸ்விட்ச்சின் நிறக் கணக்கு பாதி பேருக்குத் தெரியும். சிவப்பு வழுக்கிக்கொண்டு இறங்கும், பழுப்பில் நடுவில் ஒரு சின்ன மேடு தட்டும், நீலத்தில் மேடும் இருக்கும் 'டிக்' சத்தமும் இருக்கும். செர்ரி சிவப்புக்கு அழுத்தம் 45 கிராம் அளவு. மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும், 2 மில்லிமீட்டரிலேயே எழுத்து விழுந்துவிடும். ஆனால் இந்த நிறங்கள் அரசாணை இல்லை. ரேசரின் பச்சை டிக் டிக் என்கும். செர்ரியின் பச்சையும் டிக் என்கும், ஆனால் விரல் நோக அழுத்த வேண்டும். கைல் பாக்ஸ் வெள்ளை பார்க்கச் சாது; தட்டினால் அதுவும் டிக். நிறத்தைச் சொல்லி வாங்காதீர்கள், தட்டிப் பார்த்து வாங்குங்கள்.

நம் ஊர்ப் பக்கம் டைப்பிங் சென்டர்களில் கை பழகியவர்களுக்கு டிவிஎஸ் கோல்டு ஞாபகம் இருக்கும். சென்னைக் கம்பெனி, உள்ளே செர்ரி நீலம். என் கடையில் பதினோரு வருஷம் உழைத்த ஒன்று இருக்கிறது. தட்டும்போது பழைய ரெமிங்டன் மிஷினின் திருப்தி கொஞ்சம் கிடைக்கும். விளக்கு மட்டும் கிடையாது. ஒருநாள் அதை வீட்டுக்குத் தூக்கிவந்து ராத்திரி அடித்தேன். அத்தை புரண்டு படுத்துச் சொன்னார்: "ஏம்மா, சட்டியில பொரி பொரியுற மாதிரி இருக்கு. நானும் ஒரு கை அள்ளிப் போட்டுக்கட்டுமா?"

அதனால் கூடத்தில் இன்னொருவர் தூங்குகிற வீட்டில் நீலம் வேண்டாம். சிவப்பு எனக்கு ஒத்துவரவில்லை. டைப்ரைட்டர் விரல் கனத்த விரல், சும்மா வைத்தாலே எழுத்து விழுகிறது. கடைசியில் பழுப்புக்கு வந்தேன். உண்மையைச் சொன்னால் பழுப்பு உப்புக் குறைந்த ரசம். குடும்ப அமைதிக்காகக் குடிக்கிறேன்.

பாண்டிக்கு பஸ் ஏறிய கதை

கடலூரில் மெக்கானிக்கல் கீபோர்டைத் தட்டிப் பார்க்கக் கொடுக்கிற கடை எனக்கு அகப்படவில்லை. ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி, ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம் தாண்டிப் பாண்டியில் இறங்கி, நேரு வீதியையும் காமராஜர் சாலையையும் ஒட்டி மூன்று கடை ஏறினேன். பாண்டியில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் மலிவு என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததோடு அந்தக் கதை முடிந்தது. இங்கேயும் 18 சதவீதம், அங்கேயும் 18 சதவீதம். பாண்டிக்குப் போவது விரலால் தொட்டுப் பார்க்கத்தான்.

தொட்டுப் பார்க்கும்போது முதலில் ஒரு கீகேப்பை, அதாவது எழுத்து அச்சடித்த மேல்மூடியை, கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கீழே கூட்டல் குறி மாதிரி ஒரு தண்டு, சுற்றிலும் ஸ்விட்ச் டப்பா தெரிந்தால் பெரும்பாலும் மெக்கானிக்கல். ரப்பர் குமிழ் தெரிந்தால் அது மெம்பிரேன். 'மெக்கானிக்கல் ஃபீல்' என்று எழுதி விற்கும் சரக்கு முக்கால்வாசி இதுதான். அதில் ஒன்றும் பாவமில்லை, ஆனால் அதற்குரிய காசைத்தான் கொடுக்க வேண்டும். பிறகு ஸ்பேஸ் பாரின் இரண்டு ஓரத்தையும் மாற்றி மாற்றித் தட்டுங்கள். நீளக் கீகளுக்கு அடியில் கம்பி ஒன்று தாங்கிக்கொண்டிருக்கும். அது தளர்ந்திருந்தால் டப்பாவுக்குள் ஆணி கிடக்கிற மாதிரி சலசலக்கும். சிவப்பு ஸ்விட்ச் போட்டு என்ன பயன், ஸ்பேஸ் பாரே ஊரைக் கூட்டினால்?

இனி விளக்கு. கடையில் இருக்கிற வெளிச்சத்தில் எல்லாக் கீபோர்டும் ஒரே மாதிரிதான் தெரியும். நான் என்ன செய்தேன் என்றால் கீபோர்டை மடியில் வைத்து, முந்தானையைத் தலைக்கு மேலே இழுத்துப் போர்த்திக்கொண்டு குனிந்து பார்த்தேன். கடைப் பையன் சிரித்துவிட்டான். "யக்கா, என்ன போட்டோ ஸ்டூடியோவா?" சிரிக்கட்டும். ஜீன்ஸ் போட்டவர்கள் ஒரு துண்டு எடுத்துப் போங்கள்.

போர்வைக்குள் தெரிந்தவை இவை. சில கீபோர்டுகளில் விளக்கு எரிகிறது, எழுத்து எரியவில்லை. அச்சுப் பதித்த, பிபிடி என்கிற கெட்டிப் பிளாஸ்டிக் கீகேப் நீண்ட நாள் உழைக்கும், ஆனால் ஒளி ஊடுருவாது. இரண்டு நிறப் பிளாஸ்டிக்கை வார்த்துச் செய்யும் டபுள்-ஷாட் கீகேப்பில் எழுத்தே கண்ணாடி மாதிரி இருக்கும், ஒளியும் வரும், எழுத்தும் அழியாது. கேட்டு வாங்க வேண்டியது அதைத்தான். மலிவு சரக்கில் வெள்ளைப் பிளாஸ்டிக்குக்குக் கறுப்பு பெயிண்ட் அடித்து லேசரால் எழுத்தைச் சுரண்டியிருப்பார்கள். நகம் பட்டுப் பட்டு அது உரியும். என் பழைய கீபோர்டில் முதலில் வழுக்கையானது எஃப். தமிழ்99-இல் புள்ளி அங்கேதான் இருக்கிறது, தமிழில் புள்ளி இல்லாமல் ஒரு வரி போகுமா!

அடுத்தது விளக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது. ஸ்விட்ச்சின் மேல்பக்கம், அதாவது திரையைப் பார்த்த பக்கம், விளக்கு இருந்தால் கீகேப்பின் மேல் பாதியில் உள்ள எழுத்து பளிச்சென்று தெரியும். கீழ்ப்பக்கம், நம்மைப் பார்த்த பக்கம், இருந்தால் எழுத்து மங்கும். மேல்பக்க விளக்கிலும் நம்பர் வரிசையைக் குறிப்பாகப் பாருங்கள். 5 எரியும், அதற்குக் கீழே அச்சிட்ட சதவீதக் குறி இருட்டில் கிடக்கும். இரண்டையும் மேலேயே பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டிருந்தால் இரண்டும் எரியும். இந்த ஒரு காரணத்துக்காக நான் இரண்டு கீபோர்டைக் கழித்துக் கட்டினேன்.

ஆர்ஜிபி, அதாவது பல நிற விளக்கு, என்று அட்டையில் போட்டதை எல்லாம் நம்பவும் வேண்டாம். ஒரு வரிசைக்கு ஒரு நிறம் என்று நிலையாக எரிகிற வானவில்லை, விளம்பரத்தில் அதே பெயரில் விற்கிறார்கள். உண்மையான ஆர்ஜிபியில் ஒவ்வொரு கீக்கும் வேண்டிய நிறம் வைக்கலாம். எனக்கு வேண்டியது மங்கலான மஞ்சள் ஒன்றே ஒன்று. கடையில் அதை வைத்துக் காட்டச் சொல்லி, பிறகு வயரைப் பிடுங்கித் திரும்பச் செருகச் சொன்னேன். நம் ஊர்க்காரர்கள் கட்டாயம் செய்ய வேண்டிய பரீட்சை இது. கரண்டு போய் வந்ததும் சில கீபோர்டு பழையபடி திருவிழா விளக்குக்குப் போய்விடும். ராத்திரி இரண்டு மணிக்கு அடுத்தவர் முகத்தில் பச்சையும் ஊதாவும் ஓடினால் பத்திரமும் நடக்காது, தூக்கமும் நடக்காது. அமைப்பை நினைவில் வைக்கக் கம்பெனியின் மென்பொருள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்றால் அதையும் தள்ளிவிடுங்கள்.

கரண்டு என்றதும் தானே புயல் ஞாபகம் வருகிறது. 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவே கரையேறியது. அதன்பிறகு எத்தனையோ நாள் பண்ருட்டிப் பக்கத்து ஆட்கள் சாய்ந்த முந்திரிக்கும் பலாவுக்கும் நிவாரண மனு அடிக்க வந்து நின்றார்கள். கரண்டு இல்லை. பரணிலிருந்த டைப்ரைட்டரை இறக்கி, மெழுகுவத்தியைப் பக்கத்தில் வைத்து அடித்தேன். ரிப்பனில் மெழுகு சொட்டிய மனுக்களும் கலெக்டர் ஆபீசில் ஏற்கப்பட்டன.

வயர் இல்லாத கீபோர்டு பார்க்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. விளக்குதான் பேட்டரியைக் குடிப்பது. லாஜிடெக் எம்எக்ஸ் மெக்கானிக்கலுக்குக் கம்பெனியே சொல்வது, விளக்கோடு 15 நாள், விளக்கில்லாமல் 10 மாதம். வெள்ளை ஒளி மட்டும்தான், ஆனால் கை பக்கத்தில் வந்தால் எரிந்து, விலகினால் அணைகிற வசதி அதில் இருக்கிறது. எனக்கு வயரே போதும்.

பாண்டிக்குப் போன மறுநாள் ஞாயிறு. தங்கை வீடு முத்தியால்பேட்டையில் இருப்பதால் தங்கி, காந்தி வீதி சண்டே மார்க்கெட்டையும் ஒரு சுற்று வந்தேன். அங்கே ஒருவர் பழைய கீபோர்டு ஒன்றை நீட்டினார். "பிரான்ஸ் ஐட்டம்கா, எடுத்துக்குங்க." நல்ல கனம், நல்ல விளக்கு, பாதி விலை. பார்த்தால் க்யூ இருக்க வேண்டிய இடத்தில் ஏ, எல்லுக்குப் பக்கத்தில் எம். பிரெஞ்சுக்காரர்களின் அசெர்டி. நான் தமிழ்99 அடிப்பவள், மேலே என்ன அச்சடித்திருந்தால் எனக்கென்ன, அந்த ஏ எனக்கு ஆதானே என்று ஒரு நிமிஷம் சபலப்பட்டேன். ஆனால் ஐரோப்பிய அமைப்பில் இடது ஷிஃப்டைக் குட்டையாக்கி, அதன் பக்கத்தில் கூடுதலாக ஒரு கீயைச் செருகியிருப்பார்கள். என் சுண்டுவிரல் ஒவ்வொரு முறையும் அதன்மேல்தான் விழும். என்டர் கீயும் வேறு வடிவம். தேய்ந்தால் இங்கே மாற்று கீகேப் கிடைப்பது கஷ்டம். பிரெஞ்சில் அடிக்கிறவர்கள் வாங்கட்டும் என்று வைத்துவிட்டேன்.

என் தராசு

கம்பெனிகளை நான் எடைபோடுவது இப்படி. மூவாயிரத்துக்குள் என்றால் ரெட்ராகன், காஸ்மிக் பைட், ஆன்ட் ஈஸ்போர்ட்ஸ் மாதிரிப் பெயர்கள்தான். விளக்கு தாராளமாக இருக்கும். கீகேப்பும் ஸ்பேஸ் பாரும் மாடலுக்கு மாடல் மாறும், தட்டிப் பார்க்காமல் எடுக்கக் கூடாது. கீக்ரான் நான் அலைந்தபோது ஏழாயிரத்திலிருந்து. எழுத்து வேலை செய்கிறவர்களுக்கு என் ஓட்டு அதற்கு. விண்டோஸ், மேக் இரண்டுக்கும் கீகேப் பெட்டியிலேயே வருகிறது. அவர்களுடைய வி, க்யூ வரிசைகளில் எந்தக் கீக்கு எந்த வேலை என்பதைக் கீபோர்டுக்குள்ளேயே மாற்றி எழுதிவிடலாம். கேப்ஸ் லாக்கைத் தமிழ்-ஆங்கிலம் மாற்றும் கீயாக்கினால் கை அலைச்சல் எவ்வளவு மிச்சம் என்று அடித்துப் பார்த்தால்தான் தெரியும். ரேசர், கோர்சேர், ஸ்டீல்சீரிஸ் எல்லாம் நல்ல கட்டுமானம்தான். ஆனால் அந்தப் பணத்தில் ஒரு பங்கு, விளையாட்டுக்கு வேண்டிய வேகத்துக்குப் போகிறது. கிரையப் பத்திரத்துக்கு அந்த வேகம் எதற்கு?

கடற்கரை ஓரம் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்கலாம். தகடு தொடாமல் காந்தத்தால் உணரும் ஸ்விட்ச் வந்திருக்கிறது. துருப்பிடிக்கத் தொடுகையே இல்லை. ஸ்டீல்சீரிஸ், நெதர்லாந்தின் வூட்டிங் ஆகியவை அதற்குப் பேர் போனவை. அவ்வளவு வேண்டாம் என்றால் கைல் பாக்ஸ் வகை; தண்டைச் சுற்றி ஒரு சுவர் எழுப்பித் தூசியையும் ஈரத்தையும் தடுத்திருப்பார்கள்.

அளவு விஷயத்தில் எனக்கு யோசனையே இல்லை, நம்பர் பேட் உள்ள 104 கீ. சின்ன 61 கீ பலகையிலும் தமிழ்99 முழுதாக அடிக்கலாம். ச, ய, ழ எல்லாம் அதிலேயே இருக்கின்றன. ஆனால் அம்புக்குறி கிடையாது, எஃப் வரிசை கிடையாது. மேசை சின்னதாக இருந்து நம்பரும் வேண்டும் என்றால் 96 சதவீதம் என்று விற்கும் நெருக்கிய அளவைக் கேளுங்கள்.

பில்லை ஜிஎஸ்டியோடு வாங்கி, பெட்டியின் சீரியல் நம்பரை அதில் எழுதச் சொல்லுங்கள். வாரண்டிக்கு யாரிடம் கொடுக்க வேண்டும், கடையிலேயா, சென்னைக்கு அனுப்ப வேண்டுமா என்றும் அப்போதே கேளுங்கள். வீட்டுக்கு வந்த அன்றே ஒவ்வொரு கீயையும் இருபது தடவை தட்டி, இரட்டை விழுகிறதா என்று பாருங்கள். திருப்பிக் கொடுக்கிற கெடு ஓடிக்கொண்டிருக்கும்.

நான் வாங்கிய மாடல் இப்போது வருவதில்லை, பெயர் சொல்லிப் பயனில்லை. பழுப்பு ஸ்விட்ச், ஹாட்-ஸ்வாப், மஞ்சள் விளக்கு. வேலை முடிந்ததும் பழைய வாயில் புடவைத் துண்டு ஒன்றால் மூடிவைக்கிறேன். உப்புக்காற்றுக்கு மட்டுமில்லை, எறும்புக்கும்தான். உபரி ஸ்விட்ச் ஆறு ஒரு தைல டப்பாவில் இருக்கிறது. போன மழைக்காலத்தில் எச் கீ மறுபடி ஒன்றிரண்டு முறை இரட்டை போட்டது. டப்பாவைத் தேடக்கூட எழவில்லை. எச்சின் ஸ்விட்ச்சையும் நான் தொடவே தொடாத ஸ்க்ரோல் லாக்கின் ஸ்விட்ச்சையும் பிடுங்கி இடம் மாற்றிச் செருகினேன், கால் வளையாமல் நேராகப் பிடித்து அழுத்த வேண்டும், அவ்வளவுதான் வித்தை. அந்தக் கிழட்டு ஸ்விட்ச் இப்போது ஸ்க்ரோல் லாக்குக்கு அடியில் கிடக்கிறது. அங்கே அது எத்தனை இரட்டை போட்டாலும் யார் சொத்தும் பங்கு பிரியாது.